சின்னக் கைக்கு ஏற்ற துப்பாக்கி

உலகத்திலேயே குறி தவறாமல் சுடுகிறவர் யார்? 1890-களில் அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்: ஆனி ஓக்லி!

ஆறடி உயரம், முறுக்கு மீசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனி ஓக்லி ஒரு பெண். உயரம் ஐந்தே அடி. மெலிந்த உடம்பு. சின்னக் கை. அந்தக் கைக்கு அளவெடுத்துச் செய்த துப்பாக்கி கிடைக்க, அவர் 26 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஒரு தோல்வியையும் சந்திக்க வேண்டியிருந்தது.

அப்பாவின் துப்பாக்கி

1860 ஆகஸ்டு 13-ந் தேதி, ஒகையோ மாநிலத்தில் டார்க் மாவட்டத்தில் ஓர் ஏழை விவசாயியின் மரக்குடிசையில் ஆனி பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் பீபி ஆன். அவளுக்கு ஆறு வயது நிரம்புவதற்குள், 1866-ல் தகப்பனார் ஜேக்கப் இறந்துவிட்டார். வீடு நிறையக் குழந்தைகள். தாயார் சூசன் என்ன செய்வார், பாவம்!

அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கி சுவரில் தொங்கியது. எட்டு வயதில் ஒருநாள் ஆனி அதை இறக்கினாள். தூக்க முடியவில்லை; அவ்வளவு கனம். திண்ணைக் கம்பியின் மேல் குழலைச் சாய்த்து வைத்துச் சுட்டாள். அணில் ஒன்று விழுந்தது. அதுதான் முதல் வேட்டை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

வறுமை முற்றியது. ஆனியை மாவட்டத்து ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு குடும்பத்துக்கு வேலைக்காரியாகப் போனாள். அடியும் பசியும்தான் கூலி. அந்த வீட்டாரின் பெயரை அவர் கடைசிவரை வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டார். ஒருநாள் அங்கிருந்து தப்பி ஓடி, தாயிடம் வந்து சேர்ந்தாள்.

மறுபடியும் துப்பாக்கி கைக்கு வந்தது. காட்டில் பறவைகளையும் முயல்களையும் சுட்டுக் கடைக்கு விற்றாள். தலையைப் பார்த்துச் சுடுவாள். கறியில் குண்டு இருக்காது. அதனால் ஓட்டல்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அந்தக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 15 வயதில் வீட்டின் மேல் இருந்த 200 டாலர் அடமானக் கடனை அடைத்துவிட்டாள்!

தோற்றவரே மாலையிட்டார்

அப்போது பிராங்க் பட்லர் என்ற பேர்போன வீரர் ஊர் ஊராகப் பந்தயம் கட்டிச் சுட்டு வந்தார். சின்சினாட்டி நகருக்கு வந்த அவரை எதிர்த்து நின்றது இந்தப் பெண். ஒரே ஒரு குறி வித்தியாசத்தில் பட்லர் தோற்றார். தோற்றவருக்குக் கோபம் வரவில்லை, காதல் வந்தது. இருவரும் மணந்துகொண்டார்கள். மனைவியின் திறமை தன்னுடையதைவிடப் பெரியது என்று கண்ட பட்லர், தாம் மேடையிலிருந்து விலகி, அவருக்கு உதவியாளராக நின்றார். அந்தக் காலத்தில் எத்தனை கணவர்கள் இப்படிச் செய்வார்கள்?

1884-ல் செவ்விந்தியத் தலைவர் சிட்டிங் புல் அவருடைய வித்தையைக் கண்டு வியந்து, குறி தவறாத குட்டிப் பெண் என்று பொருள்படும் பட்டம் கொடுத்தார். 1885-ல் ஆனி, பபலோ பில் நடத்திய பெரிய காட்சிக் கம்பெனியில் சேர்ந்தார். அதே வருடம், ஒரே நாளில் மேலே எறியப்பட்ட 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772 உருண்டைகளைச் சுட்டு நொறுக்கினார்.

லண்டனில் தலைகுனிவு

1887-ல் கம்பெனி லண்டனுக்குப் போயிற்று. விக்டோரியா மகாராணியே வந்து பார்த்துப் பாராட்டினார். ஆனால் லண்டன் துப்பாக்கிச் சங்கத்தின் மைதானத்தில் வேறு கதை நடந்தது. அங்கே கூண்டிலிருந்து பறக்கவிட்ட புறாக்கள் மின்னல் வேகத்தில் பறந்தன. ஆனி சுட்டது 20. விழுந்தது ஐந்தே ஐந்து!

கண் மங்கிவிட்டதா? கை தளர்ந்துவிட்டதா? இரண்டும் இல்லை. சார்லஸ் லங்காஸ்டர் என்ற பெயரில் நடந்த லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கையாள் குற்றமல்ல, கருவியின் குற்றம். துப்பாக்கிகள் அவருக்குக் கனம் அதிகம், அளவும் பொருந்தவில்லை.

ரவைத் துப்பாக்கியில் பின்கட்டைதான் உயிர். கட்டை நீளமாக இருந்தால், தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் சிக்கும். கட்டையின் மேல்விளிம்பு உயரமாக இருந்தால், குண்டு குறிக்கு மேலே போகும். கனம் மிகுந்தால், பறவை திரும்பும் வேகத்துக்குக் குழல் திரும்பாது. மெதுவாகப் போகும் இலக்கில் இந்தக் குறைகளைத் திறமையால் மறைத்துவிடலாம். வேகமான புறாவிடம் மறைக்க முடியுமா?

கடைக்காரர், தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, ஆனியின் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்தார். சிறிய குழல் கொண்ட இரண்டு துப்பாக்கிகள் செய்தார். ஒவ்வொன்றும் ஐந்து ராத்தலுக்குச் சற்றே அதிகம். அதாவது சுமார் 2.3 கிலோ. தம் மைதானத்தில் சில பாடங்களும் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு பரிசுக்கு மேல் பரிசு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தத் துப்பாக்கிகளைச் சுட்டும், துடைத்துச் சுத்தம் செய்ததைத் தவிர ஒரு பழுதும் பார்க்கவில்லை என்று ஆனி கடைக்காரருக்கு நன்றிக் கடிதம் எழுதினார்.

பெண்களுக்குப் பாடம்

பட்ட அனுபவத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. எல்லாப் பெண்களும் சுடக் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்ற பெண்கள் 15,000 பேர் இருக்கும் என்பார்கள். எது நல்ல துப்பாக்கி என்று கேட்டால், கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டார். சுடுகிறவருக்கு எது நன்றாகப் பொருந்துகிறதோ, அதுவே நல்லது என்பார்.

இன்று பந்தயத்தில் சுடும் கைத்துப்பாக்கிக்கும் இதே விதிதான். அதற்குத் தோள் தாங்கல் கிடையாது, ஒற்றைக் கைதான். ஆகவே கைப்பிடி உள்ளங்கையில் இடைவெளி இல்லாமல் படியவேண்டும். பிடித்தபடி கையை நீட்டினால், குழலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிச்சதை, மணிக்கட்டை வளைக்காமலே விசையைத் தொடவேண்டும். எட்டிப் பிடித்தால், விசையை இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் ஆடிவிடும். சின்னக் கைக்காரர்களுக்கென்று சிறிய மரக்கைப்பிடிகள் கிடைக்கின்றன. பல துப்பாக்கிகளில் விசையைப் பின்னால் நகர்த்தலாம். மிஞ்சியதை அரம் கொண்டு ராவியும், மரப்பசை வைத்தும் சரிசெய்வார்கள்.

கடைசி நாட்கள்

1901-ல் நேர்ந்த ரயில் விபத்து ஆனியின் உடலை உலுக்கியது. அவர் துப்பாக்கியை விட்டாரா? 1922-ல், 60 வயதைக் கடந்தபின், எறியப்பட்ட களிமண் தட்டுகள் நூறையும் ஒன்றுகூட விடாமல் சுட்டார். அதே வருடம் மோட்டார் விபத்து ஒன்று காலை முடமாக்கியது. காலில் இரும்புக் கட்டு மாட்டிக்கொண்டு, மறுபடியும் மைதானத்துக்கு வந்து சுட்டார்.

1926 நவம்பர் 3-ந் தேதி, பிறந்த மாவட்டத்திலேயே ஆனி ஓக்லி கண்ணை மூடினார். ஒரு குறியில் தோற்று, வாழ்நாளெல்லாம் அவர் பக்கத்திலேயே நின்ற பிராங்க் பட்லர், சரியாக 18 நாள் கழித்து அவரைப் பின்தொடர்ந்தார். இருவரையும் ஒகையோ மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.