பொன்மலைப் போராட்டமும் சிங்காரவேலரும்

சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் அறிவியலின் மீது தீராக் காதல் கொண்டவர். அதனை எளிய தமிழில் எழுதி உழைப்பாளரிடம் சேர்த்தவர். அத்தகையவர், புதிய இயந்திரப் பட்டறை ஒன்றையொட்டி எழுந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்று சிறை சென்றார் என்பதை அறிந்தபோது, அறிவியல் மாணவனாகிய எனக்கு வியப்பே மேலிட்டது. இது முரண்பாடன்றோ?

1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் பயின்று வழக்கறிஞரானார். எதையும் ஏன் என்று கேளாமல் ஏற்காத மனம் அவருடையது. சாதியை அவ்வாறே கேட்டார்; பௌத்தத்தை நாடினார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் அங்கியைத் தீயிட்டார். 1923-இல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தினார்.

அப்போது நம் புதுச்சேரிக்கு வண்டி ஓட்டிவந்த தென்னிந்திய இரயில்வே, நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி ஆகிய ஊர்களிலிருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கி, நவீன முறையில் நடத்த முற்பட்டது. ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் திறமைத் தேர்வு எழுத வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. தேர்வு என்றால் நமக்கே கை நடுங்குகிறது! ஆண்டுக்கணக்கில் சம்மட்டி பிடித்துக் குடும்பம் காத்தவர்க்கு, அது பிழைப்பையே பறிக்க வந்த கருவியாகத் தோன்றியதில் வியப்பென்ன?

எங்கள் அரியாங்குப்பம் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் கைரேகை வருகைப்பதிவு கட்டாயமானபோது நடந்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் ஆவலோடு விரலை வைத்தாராம். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தாராம். மற்றொருவர், தேய்ந்துபோன ரேகை பதியாவிட்டால் அன்றைய கூலி என்னாகும் என்று கேட்டு, விடை கிடைத்த பிறகே வைத்தாராம். இயந்திரம் ஒன்றுதான், மனித இயல்புகளோ மூன்று. மூன்றாமவருக்கு முரடர் என்ற பட்டம் கிடைத்தது. என் கணிப்பில் சிங்காரவேலர் அந்த மூன்றாமவரின் இனம். இயந்திரத்தை அவர் வெறுத்தாரில்லை. அதன் பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று கணக்குக் கேட்டார். அறிவியல் தந்த மனப்பாங்கே அவரை அப்படிக் கேட்கவைத்தது எனலாம்.

1928 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது அவருக்கு வயது 68. முதுமையைப் பொருட்படுத்தாது ஊர் ஊராகச் சென்று பேசினார். அடக்குமுறை கடுமையாக இருந்தது. அம்மாத இறுதியிலேயே போராட்டம் முடிவுற்றது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்த் தண்டனை குறைக்கப்பட, 1930-இல் அவர் வெளிவந்தார்.

பட்டறை பொன்மலையில் நிலைபெற்றது. சிங்காரவேலரோ மீண்டும் எழுதுகோலைப் பிடித்தார். குடி அரசு இதழில் அறிவியலையும் பொதுவுடைமையையும் விளக்கி எழுதினார். 1946 பிப்ரவரி 11-ஆம் நாள் மறைந்தபோது, அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த பெரிய நூலகம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது.