பெயருக்குள் ஒரு வாழ்வு



திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் பெயரின் பொருளைக் கேட்டால், பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பொருளறிந்து பெயரைத் தமிழாக்கிய ஒருவரை இன்று நினைப்போம்.

இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்தவர் கொஸ்தான்சோ பெஸ்கி. 'நிலைத்து நிற்பவர்' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லில் பிறந்தது கொஸ்தான்சோ என்ற பெயர். பெரூஜியா நகரின் பாதுகாவலரான மறைசாட்சி ஆயருக்கும் அதே பெயர்தான். இன்று இத்தாலியில் ஆண் குழந்தைகளுக்கு இப்பெயரை இடுவது அரிது.

இயேசு சபைக் குருவான பெஸ்கி 1710இல் கோவாவில் வந்திறங்கினார். தமிழகம் வந்தபின் தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். தைரியம் என்றால் இன்று நாம் அஞ்சாமையை நினைக்கிறோம். வடமொழியில் அது முதலில் மன உறுதியைக் குறித்தது. எனவே அது சரியான மொழிபெயர்ப்பே. பின்னர் அது வீரமாமுனிவர் என்றானது. உறுதி, துணிவாகி, வீரமாகிவிட்டது!

ஆனால் அவர் வாழ்வைப் பார்த்தால், முதல் பொருளே பொருந்துகிறது. முப்பது வயதுக்குமேல் அந்நிய மொழி ஒன்றை அகரம் முதல் கற்றார். குறுக்கள்பட்டியில் உயிருக்கே ஆபத்து வந்தபோதும் பணியை விட்டு ஓடவில்லை. 1726இல் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை நிறைவு செய்தார். 1732இல் சதுரகராதியைத் தந்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளின் குழப்பத்தை நீக்கினார். தாய்நாடு திரும்பாமலே 1747இல் இறைவனடி சேர்ந்தார். இவை ஒரு நாள் வீரத்தால் ஆகுபவையா? ஒவ்வொரு நாளும் தளராமல் நிற்பதால் ஆகுபவை.

நம் மாவட்டத்து நட்டாலம் நீலகண்டபிள்ளையையும் எண்ணுங்கள். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, லாசர் என்ற பெயர் 'கடவுளின் உதவி' என்ற பொருளில் தேவசகாயம் ஆனது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரும் தம் பெயரின் பொருளைப் பற்றிக்கொண்டே துன்பங்களைத் தாங்கினார்.

பெயரை ஒலிக்காக மட்டும் தேர்ந்தெடுத்தால், அது கூப்பிட மட்டுமே உதவும். பொருளறிந்து இட்டால், அது பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் வழி காட்டும். இன்று மாலை குடும்பச் செபத்துக்குப் பின், உங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெயரின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். நம் பெயருக்கேற்ப நாம் வாழ்கிறோமா என்று நம்மையும் கேட்டுப் பார்ப்போம்.