மாண்டிசோரி அம்மையார்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை அடுத்துப் பிரம்மஞான சபையின் பரந்த சோலை அமைந்துள்ளது. அங்குள்ள பேராலமரத்தைக் காண நம்மிற் பலர் சென்றிருப்போம். அச்சோலைக்கு 1939ஆம் ஆண்டின் இறுதியில் 69 வயது நிரம்பிய இத்தாலிய மூதாட்டி ஒருவர் வந்து சேர்ந்தார். சில திங்கள் தங்கிச் செல்ல எண்ணி வந்தவரை, உலகப்போர் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் இந்நாட்டிலேயே நிறுத்தி வைத்தது. அவரே மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் கியாரவாலே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிதாயிருந்த அந்நாளில், ரோமாபுரிப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். ஆடவரோடு ஒருங்கிருந்து பிணங்களை அறுத்துச் சோதித்தல் பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டமையால், வகுப்பு முடிந்தபின் தனித்திருந்தே அப்பயிற்சியைச் செய்தார்.

மருத்துவரான அவரை ஆசிரியராக்கியவர், அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட சிறுவர்களே. கைக்குப் பொருள்களைக் கொடுத்து அவர்களைப் பயிற்றினார். அவருட் சிலர் மற்றச் சிறுவர் எழுதும் தேர்விலும் வெற்றி பெற்றனர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, குறையில்லாச் சிறுவர்கள் பள்ளிகளில் இவ்வளவே கற்கக் காரணம் யாதென்று கவலையுற்றார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமின் ஏழையர் வாழ் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவரையும் படியையும் பாழாக்காமல் இருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளரின் கவலை! உலகெங்கும் பரவிய கல்விமுறை ஒன்று இவ்வாறுதான் தோன்றியது.

அம்மையார் அமைத்த கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றிற்கேற்ற பத்து உருளைகளும் கொண்ட மரக்கட்டை. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், ஈற்றில் ஒன்று பொருந்தாமல் எஞ்சிவிடும். ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டுவதில்லை. தவற்றைக் கருவியே காட்டிவிடும். குழந்தை மீண்டும் முயலும். எண்களையும் அவ்வாறே கற்பித்தார். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தின் கனத்தைக் குழந்தையின் கை அறிந்துகொண்டது.

தொடக்கத்தில் இம்முறையை ஆதரித்த முசோலினியின் ஆட்சி பின்னர் மாறுபட்டது. 1934இல் இத்தாலியில் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் ஸ்பெயினில் தங்கினார். 1936இல் அங்கு உள்நாட்டுப் போர் மூளவே நெதர்லாந்து சென்றார். அந்நிலையில்தான் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று அடையாறு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார்.

1940ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது. தம்மைத் துரத்திய ஆட்சியின் குடிமகளென்றே அம்மையார் இங்குப் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். அவர் சோலையை விட்டு வெளியேறலாகாது என ஆணை பிறந்தது. மாரியோ அகமதுநகர் முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டார். இப்பிரிவு பழைய புண் ஒன்றைக் கிளறியிருக்கும். மணம் புரியாது பெற்ற மகவாதலின், ஊர்ப்பழிக்கு அஞ்சி மாரியோவைப் பிறரிடம் வளர விட்டவர் அவர். பிற்காலத்தும் உறவினர் என்றே அவரை அறிமுகம் செய்து வந்தார். உலகக் குழந்தைகளுக்காகப் பேசியவர் தம் குழந்தையை மகனென்று கூற இயலாதிருந்தார். இதற்கு அவரினும் அக்காலச் சமூகத்தையே நாம் நோக வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாள். மாரியோவை விடுவித்து அரசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாகத் திருப்பியனுப்பப்படுபவர் அம்மையாரின் மகன் என்றே அதில் குறிக்கப்பட்டிருந்தது.

பின்னர்க் கோடைக்கானலிலும் இலங்கையிலும் பிற இடங்களிலும் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் பெயரைப் பலகையிற் பொறித்த பள்ளிகள் எல்லாம் அவர் முறையைக் கைக்கொள்வன என்று கொள்ளுதற்கில்லை. எனினும் அன்று ஊன்றிய வித்து இங்கு வேர்கொண்டது. 1946இல் ஐரோப்பா சென்றவர் மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை பணிபுரிந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார்.

கணிப்பொறி பரவாத காலத்தில் வாழ்ந்த இவ்வம்மையாரின் கருத்து கணிப்பொறிக் கல்வியையும் சென்றடைந்தது. ஸ்விட்சர்லாந்தின் மாண்டிசோரிச் சங்கத்திற்குத் தலைமை வகித்த பியாசே, குழந்தைகள் அறிவைத் தாமே கட்டியெழுப்புகின்றனர் என ஆராய்ந்து காட்டினார். அவருடன் பணியாற்றிய பேப்பர்ட், 1967இல் அமெரிக்காவில் தோழர்களுடன் சிறுவர்க்கென லோகோ என்னும் கணிப்பொறி மொழியை அமைத்தார். சிறுவன் முன்னே செல், வலப்புறம் திரும்பு என ஆணையிட, ஆமை எனப்படும் பொறி ஊர்ந்து கோடு வரையும். சதுரம் வரைய விரும்பியவன் திரும்பும் கோணத்தைப் பிழையாகத் தந்தால் கோடுகள் கூடாமல் வேறொரு வடிவம் தோன்றும். எங்குத் தவறினோம் என்பதை அவன் அக்கோடுகளிலேயே கண்டு, ஆணையைத் திருத்தி, ஆமையை மீண்டும் ஊரச் செய்வான்.