ஸ்காட்ச்சா, ஸ்காட்ச் மாதிரியா? மெக்டவல்ஸ் விஸ்கியைக் கொண்டுவந்த விட்டல் மல்லையா யார்?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இலுப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரிலேயே இலுப்பை இருக்கிறது. நல்லது கிடைக்காத இடத்தில் கிடைப்பதை வைத்துச் சமாளி, அவ்வளவுதான். இந்திய விஸ்கியின் கதையும் இதேதான், கொஞ்சம் தலைகீழாக. இங்கே சர்க்கரை ஆலை இருந்தது, ஸ்காட்ச்தான் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வரும் சித்தப்பா வாங்கிவரும் பாட்டிலையும், டாஸ்மாக்கில் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் விஸ்கி என்றுதான் எழுதியிருக்கும். அப்புறம் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இது புரிய, 1983-ல் இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஜய் மல்லையாவின் அப்பா, விட்டல் மல்லையா.

மகனைத் தெரியாதவர் இல்லை. அப்பாவைத் தெரிந்தவர்கள் குறைவு. பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு ரோட்டின் பெயர்.

1924 பிப்ரவரி 8-ல் டாக்காவில் பிறந்தார். தந்தை பண்ட்வால் கணபதி மல்லையா, ராணுவ மருத்துவர். டேராடூன் டூன் பள்ளி, பிறகு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. படிப்பு முடிந்ததும் அவர் கண் போன இடம் யுனைட்டெட் புரூவரீஸ். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தென்னிந்தியாவில் இருந்த சில பீர் ஆலைகளை ஒன்றாக இணைத்து உருவாக்கிய கம்பெனி அது. பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். சுதந்திரம் வரப்போகிறது, சிப்பாய்கள் கிளம்பப்போகிறார்கள் என்ற நேரத்தில் விட்டல் அதன் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். 1947-ல் அந்தக் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநர். வயது 23. அடுத்த ஆண்டே தலைவர்.

அதே 1948-ல்தான் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது மாகாணம் பூராவும் பரவிவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அந்த ஆண்டுதான். சாராய வியாபாரத்துக்கு இதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. ஆனால் 1951-ல் விட்டல் என்ன செய்தார் தெரியுமா? மதுவிலக்கு அமலில் இருந்த சென்னையில் ஒரு மதுக் கம்பெனியை வாங்கினார்! அதுதான் மெக்டவல்.

1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது. இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒயின், ஸ்பிரிட், சுருட்டு எல்லாம் கப்பலில் வரவழைத்து விற்பதுதான் தொழில். புனித ஜார்ஜ் கோட்டை பக்கத்தில் கிடங்கு. அதாவது மெக்டவல் என்பது அப்போது உற்பத்தி கம்பெனியே கிடையாது, இறக்குமதிக் கடை.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. வெளியிலிருந்து கொண்டுவர முடியாவிட்டால் உள்ளேயே செய்ய வேண்டியதுதான். 1959-ல் கேரளாவின் சேர்த்தலாவில் மெக்டவலுக்கு டிஸ்டில்லரி வந்தது. 1963-ல் மெக்டவல்ஸ் நம்பர் ஒன் பிராந்தி, 1968-ல் அதே பெயரில் விஸ்கி. 1976-ல் இன்னொரு குழுமக் கம்பெனியான ஹெர்பர்ட்சன்ஸ் மூலம் பேக்பைப்பர். பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர், இன்னொன்று ஸ்காட்லாந்து இசைக் கருவி வாசிப்பவர். உள்ளே இருப்பதுதான் வேறு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஸ்காட்ச் என்று போட வேண்டுமானால் தானியத்திலிருந்து ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊற வைக்க வேண்டும். நம் ஊரில் பெருவாரியாக விற்ற விஸ்கிக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதில் கொஞ்சம் மால்ட் கலப்பார்கள். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்கவே முடியாது. ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கே தானியம் பற்றாத காலம் அது. ஆனால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாமலே போனதும் உண்மை.

விட்டல் மது மட்டும் விற்கவில்லை. கிசான் ஜாம் இருக்கிறதே, அதையும் 1950-ல் வாங்கினார். மகனின் பார்ட்டிகளைப் பார்த்துவிட்டு அப்பாவும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்வது சிக்கனத்தைத்தான். 1983 அக்டோபர் 13-ல் மும்பையில் காலமானார். வயது 59. டாஸ்மாக் தொடங்கப்பட்டதும் அந்த ஆண்டுதான்.

சரி, 21 வயது தாண்டியவர், முதல்முறையாகக் குறைந்த விலையில் ஒரு ஸ்காட்ச் வாங்கிப் பார்க்க நினைக்கிறார். எதைப் பார்க்க வேண்டும்? விட்டல் விட்டுப்போன குழப்பத்துக்கு லேபிளில்தான் பதில். ஸ்காட்ச் விஸ்கி என்று நேராக எழுதியிருந்தால் ஸ்காட்ச். ஸ்காட்ச் மால்ட் கலந்தது என்றிருந்தால் அது இந்திய விஸ்கி. பிளாக் டாக், வாட் 69, டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ் மாதிரியானவை மொத்தமாக இறக்குமதியாகி இங்கே பாட்டிலில் அடைக்கப்படுபவை. ஸ்காட்ச்தான், அதனால்தான் விலை நடுவில் நிற்கிறது. சிங்கிள் மால்ட்டுக்கு இந்த வழி கிடையாது, ஸ்காட்லாந்திலேயே அடைத்தாக வேண்டும். 12 என்று போட்டிருந்தால், கலவையில் இருப்பதிலேயே இளையதற்கு 12 வயது என்று அர்த்தம். கறுத்த நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. பிடிக்குமா என்று தெரியாமல் ஃபுல் வாங்குவதும் வீண். 180 மில்லி கிடைத்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்றாலும் ஆளுக்கு 2 லிட்டர்தான்.

விட்டலின் குழுமம் 2007-ல் ஒயிட் அண்ட் மக்கே என்ற ஸ்காட்லாந்துக் கம்பெனியையே 59.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2014-ல் அதை விற்றாகிவிட்டது. மெக்டவல் இப்போது ஜானி வாக்கரின் உரிமையாளரான டியாஜியோ கையில். 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தப்படி ஸ்காட்ச் மீதான சுங்கவரி 150 சதவீதத்திலிருந்து முதலில் 75 ஆகவும், பத்தாவது ஆண்டில் 40 ஆகவும் குறையும். அதற்கு மேல் மாநில அரசு போடும் வரி தனிக்கணக்கு.