மால்குடி தந்த மைசூர்த் தமிழர்

தேவராஜ மார்க்கெட்டுக்கு நாள்தோறும் செல்லும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்? 1930-களில் இந்நகரின் கடைவீதிகளில் ஓர் இளைஞர் செய்தி தேடிக் கால்நடையாய் அலைந்தார். அவரே ஆர். கே. நாராயண்.

1906-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவரைப் புரசைவாக்கத்தில் பாட்டியார் வளர்த்தார். தந்தையார் தலைமையாசிரியராயிருந்த மைசூருக்கு வந்து, 1930-இல் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆசிரியப் பணியைச் சில நாட்களிலேயே துறந்து எழுத்தை மேற்கொண்டார். மணமான பின் வருவாய் வேண்டிச் சென்னை 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் நிருபரானார். நீதிமன்றம், காவல் நிலையம், நகராட்சி என அலைந்து பலதரப்பட்ட மாந்தரை அறிந்தார்.

முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பியனுப்பவே, அதனைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிடுமாறு ஆக்ஸ்போர்டு நண்பருக்கு எழுதினார். நண்பரோ கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். 1935-இல் 'ஸ்வாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. 1939-இல் மனைவியார் ராஜம் விஷசுரத்தால் மறைந்தார், எழுதுகோல் ஓய்ந்தது. அத்துயரே 1945-இல் 'ஆங்கில ஆசிரியர்' என்ற நாவலாயிற்று. 'வழிகாட்டி' 1960-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

தமிழ் இல்லத்தில் பிறந்து, கன்னட நாட்டில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய அவர், இந்தியர் யார் என்ற வினாவுக்கு எந்த நாட்டுப்படத்திலும் இல்லாத மால்குடியையே விடையாக வைத்தார். 2001 மே 13-இல் சென்னையில் மறைந்தார்.

யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாய் நிற்கிறது. பிறந்த ஊரா, வாழ வந்த ஊரா, எது நம்முடையது என மயங்கும் நம் இளைஞர்கள் ஒருமுறை அங்குச் சென்றுவர வேண்டுகிறோம்.