காஸ்டில் அரசி இசபெல்லா

ஐரோப்பாவின் தென்மேற்கு முனையில் அமைந்தது ஐபீரியத் தீபகற்பம். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு ஸ்பெயின் என்னும் ஒரே அரசு இல்லை. காஸ்டில், அரகான், நவார், போர்ச்சுகல், முஸ்லிம் மன்னர் ஆண்ட கிரானடா எனத் தனித்தனி அரசுகளே இருந்தன.

காஸ்டில் மன்னரின் மகளாக 1451ஆம் ஆண்டு இசபெல்லா பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தந்தையின் முதல் மனைவியின் மகனான என்ரிக்கே மன்னரானார். இசபெல்லாவோ தாயுடனும் தம்பியுடனும் அரேவலோ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1468இல் தம்பியும் மறைந்தார். அதன்பின் என்ரிக்கே இசபெல்லாவைத் தம் வாரிசாக ஏற்றார். ஆனால், தம் இசைவின்றி அவர் மணம் புரியலாகாது என்று நிபந்தனை விதித்தார்.

வயதில் மிக மூத்த போர்ச்சுகல் மன்னருக்கு இசபெல்லாவை மணமுடிக்க என்ரிக்கே விரும்பினார். இசபெல்லா அதற்கு இணங்கவில்லை. அரகான் இளவரசர் பெர்டினாண்டையே மணப்பதென உறுதி பூண்டார். அரியணையே கைநழுவக்கூடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். பெர்டினாண்டு வணிகர்களின் பணியாளைப்போல் வேடமிட்டு, இரவில் பயணம் செய்து காஸ்டிலை அடைந்தார். 1469 அக்டோபர் 19 அன்று வல்லதோலித் நகரில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 18, மணமகனுக்கு 17. சினமுற்ற என்ரிக்கே தம் மகள் ஹுவானாவை வாரிசாக அறிவித்தார்.

1474 டிசம்பரில் என்ரிக்கே இறந்தார். அப்போது பெர்டினாண்டு அரகானில் இருந்தார். இசபெல்லா கணவரின் வரவுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் செகோவியா நகரில் அரசியாக முடிசூடினார். அரச நீதியின் சின்னமான உருவிய வாள் அவருக்கு முன்னே ஏந்திச் செல்லப்பட்டது. ஒரு பெண்ணுக்கு முன் அவ்வாள் செல்வதைக் கண்டு பலர் வியந்தனர். செய்தி கேட்ட பெர்டினாண்டு வருந்தினார். அடுத்த மாதமே இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஆவணங்களில் பெர்டினாண்டின் பெயர் முதலில் வரும். காஸ்டிலின் சின்னம் அரகானின் சின்னத்திற்கு முன் நிற்கும். காஸ்டிலின் அரசுரிமையோ இசபெல்லாவுக்கே உரியது.

ஹுவானாவுக்காகப் போர்ச்சுகல் தொடுத்த போர் 1479இல் ஓய்ந்தது. அதே ஆண்டில் பெர்டினாண்டு அரகானின் மன்னரானார். இத்துடன் ஸ்பெயின் ஒரே நாடாயிற்று எனச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. சட்டம், மன்றம், நாணயம் ஆகியவை இரண்டு அரசுகளிலும் வெவ்வேறாகவே நீடித்தன.

1492ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரானடா பணிந்தது. அவ்வாண்டிலேயே இசபெல்லாவின் ஆதரவுடன் கொலம்பஸ் கடற்பயணம் மேற்கொண்டார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று வெளிவந்த ஆணையொன்று, மதம் மாறாத யூதர் அனைவரும் நான்கு மாதங்களுக்குள் வெளியேற வேண்டும் என்றது. பல தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் நிலத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு அம்மக்கள் அகன்றனர். இசபெல்லாவின் ஆட்சியில் நேர்ந்த பெருங்கொடுமை இது.

1504இல் இசபெல்லா மறைந்தார். காஸ்டில், கணவருக்கன்றி மகள் ஹுவானாவுக்கே உரியதாயிற்று. அம்மகளின் மைந்தர் கார்லோஸ் 1516இல் இரண்டு அரசுகளுக்கும் மன்னரானார்.