தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்ட ஆசிரியர் என்.எம். ஜோஷி

புது தில்லி: தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்துவந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 அன்று விடைபெற்றது. அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பெற்றது. பழைய சட்டத்தின் பாதுகாப்புப் பிரிவுகள் புதியதிலும் உள்ளன. எனினும், வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலகங்களிலும் முன்னறிவிப்பு கட்டாயமானதை மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்தப் பழைய சட்டத்துக்கு வித்திட்டவர், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த நாராயண் மல்ஹார் ஜோஷி.

1879-இல் கொலாபா மாவட்டத்துக் கோரேகாவில் பிறந்தவர் அவர். (மும்பைப் புறநகரான கோரேகாவ் வேறு.) புணே டெக்கான் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார். 1909-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அதன் மராத்தி நாளேடான ஞானபிரகாஷில் ஆசிரியப் பணி ஆற்றினார். 1911-இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகளையும் நூலகங்களையும் நடத்திய அமைப்பு அது. கந்துவட்டிக் கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கண்ட அனுபவமே அவரைக் கூலிப் பிரச்சினைக்கு இட்டுச்சென்றது எனலாம்.

1920-இல் ஏஐடியுசி உருவானபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு சென்னை பின்னி ஆலைத் தகராறில் நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்று, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. வாடியாவுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்து தொழிலாளர் தொண்டுக்கு வந்த திரு.வி.க. அச்சங்கத்தில் வாடியாவுடன் நின்றவர். சங்கம் நடத்துவதே வழக்குக்கு இடமாகும் என்றால், தொழிலாளர் அமைப்பு எதுவும் நிலைக்காது. 1921 மார்ச்சில் மத்திய சட்டப்பேரவையில் ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏற்றது, சட்டமாக ஐந்தாண்டுகள் பிடித்தன. 1924-இல் அவர் கொணர்ந்த பிரசவகால உதவி மசோதாவோ தோற்கடிக்கப்பட்டது.

பேரவையில் அவர் நியமன உறுப்பினர். தொழிலாளருக்கு வாக்குரிமை இல்லாத நாளில் அவர்களின் குரல் அரசின் நியமனத்தால்தான் அங்கு ஒலித்தது. இந்த முரண்பாட்டை அவர் அறியாதவரல்லர். வட்டமேசை மாநாட்டில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டவர்களுள் அவரும் ஒருவர்.

இடதுசாரிகள் அவரை மிதவாதி என்றனர். அது தவறுமல்ல. ஆயினும் 1928-இல் பம்பாய் ஆலைகள் மாதக்கணக்கில் முடங்கியபோது கூட்டுப் போராட்டக் குழுவில் கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்தே உழைத்தார். மறு ஆண்டு பிளவு வந்தது. அரசு அமைத்த விட்லி ஆணையத்தைப் புறக்கணிக்க, நேரு தலைமையில் நாகபுரியில் கூடிய ஏஐடியுசி மாநாடு முடிவெடுத்தது. ஆணைய உறுப்பினரான ஜோஷி, வி.வி. கிரி உள்ளிட்டோருடன் வெளியேறித் தனிச் சம்மேளனம் கண்டார். அந்த விலகலால் தொழிலாளர் இயக்கம் பத்தாண்டுகள் பிளவுபட்டே கிடந்தது. அதில் ஜோஷிக்கும் பங்குண்டு. 1940-இல் இணைப்பு முழுமை பெற்றபோது அவரே ஏஐடியுசி பொதுச் செயலாளரானார்.

1947-இல் காங்கிரஸ் தலைவர்கள் ஐஎன்டியுசியைத் தொடங்கியபோது அவர் அப்பக்கம் செல்லவில்லை. ஏஐடியுசியில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியதும் 1948-இல் அங்கிருந்தும் விலகினார். எக்கட்சியின் ஆதரவும் இல்லாமல் வாழ்ந்து 1955 மே 30 அன்று காலமானார். மும்பை ஆலைப் பகுதியின் டிலைல் சாலைக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது.